தீவு மீண்டது, தீவார் மீண்டார்களா?



ஓர் ஊரை அந்நியப் படை பிடித்துக்கொள்கிறது. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒப்பந்தம் எழுதித் திருப்பித் தருகிறது. வரலாற்று நூல்கள் அந்த இடத்தில் ஒரு தேதியைக் குறித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அந்தத் தேதிக்கு மறுநாள் காலையிலிருந்து என்ன நடந்தது என்பதுதான் இன்றைய என் பொருள். புதிதாக வரும் அலுவலர் எந்தச் சட்டப்படி ஆள்வார்? நிலத்தை யார் பெயரில் எழுதுவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, யாரை அந்தத் தீவின் மக்கள் என்று ஏட்டில் ஏற்றுவார்? கொடியை மாற்ற ஒரு நாள் போதும். மீட்பு உண்மையானதா என்பதை இந்தக் கேள்விகளுக்கு அரசு தரும் விடைதான் காட்டும். ஜப்பானிடம் திரும்பி வந்த தீவுகளின் நிர்வாக வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த எண்ணம் வலுத்துக்கொண்டே வந்தது.

போர் முடிந்து சில மாதங்களில், 1946 ஜனவரி 29 அன்று, நேச நாடுகளின் தலைமையகம் டோக்கியோ அரசுக்கு ஓர் ஆணை அனுப்பியது. வட அட்சம் 30 பாகைக்குத் தெற்கே உள்ள தென்மேற்குத் தீவுகளும் ஒகசவாராத் தீவுகளும் இனி ஜப்பானிய நிர்வாகத்தில் இல்லை என்றது அந்த ஆணை. 1951 செப்டம்பர் 8 அன்று கையெழுத்தாகி, 1952 ஏப்ரல் 28 முதல் நடப்புக்கு வந்த சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு இந்தப் பிரிவினைக்குச் சட்ட வடிவம் தந்தது. தீவுகளை ஐ.நா.வின் பொறுப்பாட்சியில் வைக்க அமெரிக்கா முன்மொழியலாம். முன்மொழியும் வரை ஆட்சி, சட்டமியற்றல், நீதி ஆகிய எல்லா அதிகாரமும் அமெரிக்காவுக்கே என்று அப்பிரிவு சொன்னது. அமெரிக்கா கடைசி வரை முன்மொழியவே இல்லை. இடைக்கால ஏற்பாடாக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் ஆண்டார்கள். ஜப்பானுக்கு அங்கே எஞ்சிய இறையாண்மை உண்டு என்று அமெரிக்கத் தரப்பில் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் விளக்கம் தந்தார். உரிமை ஒருவருக்கு, அனுபவம் இன்னொருவருக்கு என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து நாடுகளின் பங்கையும் சொல்ல வேண்டும். நேருவின் அரசு சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போகவில்லை. தென்மேற்குத் தீவுகளில் அடங்கிய ரியூக்யூ தீவுகளிலும் ஒகசவாராவிலும் ஜப்பானின் முழு இறையாண்மையை மீட்டுத் தராதது இந்தியா 1951 ஆகஸ்டில் எழுப்பிய மறுப்புகளில் ஒன்று. 1952 ஜூன் 9 அன்று இந்தியா ஜப்பானுடன் தனியாகச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. இலங்கை மாநாட்டுக்குப் போனது. அப்போது நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஜப்பானிடம் இழப்பீடு கேட்க மாட்டோம் என்று அங்கே அறிவித்தார். இந்தத் தீவுகளை ஜப்பானிடமே தர வேண்டும் என்று சோவியத் தரப்பு சொன்னபோது, அப்படியென்றால் தெற்கு சகாலினையும் குரில் தீவுகளையும் மட்டும் ஏன் தரக்கூடாது என்று திருப்பிக் கேட்டார். இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியில் போயின. ஆனால் தூரத்துத் தீவுகளின் மக்களை யாரோ வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்ததை இரண்டுமே கவனித்திருந்தன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கோடு என்ன செய்தது என்பதற்குத் தோக்காராத் தீவுக்கூட்டம் சிறிய, தெளிவான சான்று. பத்துத் தீவுகள் சேர்ந்து ஒரே கிராமமாக இருந்த இடம் அது. 30 பாகைக் கோடு அந்தக் கிராமத்தின் நடுவே விழுந்தது. வடக்கே மூன்று தீவுகள் ஜப்பானில் நின்றன. தெற்கே ஏழு தீவுகள் அமெரிக்க ஆட்சிக்குள் போயின. கோட்டை ஒட்டியிருந்த குச்சினோஷிமா கள்ளக் கடத்தலுக்குத் துறைமுகமானது. 1952 பிப்ரவரி 10 அன்று ஏழு தீவுகளும் திரும்பின. ஆனால் பழைய கிராமம் திரும்பி வரவில்லை. வடக்குத் தீவுகள் மிஷிமா என்றும் தெற்குத் தீவுகள் தோஷிமா என்றும் இரண்டு கிராமங்களாக இன்றும் இருக்கின்றன. தோஷிமா கிராமத்தின் அலுவலகம் 1956 முதல் அந்தக் கிராமத்திலேயே இல்லை. கடல் தாண்டி ககோஷிமா நகரில் இருக்கிறது. எல்லாத் தீவுக்கும் கப்பல் புறப்படும் இடம் அதுதான் என்பதால் அங்கே வைத்தார்கள். வசதி கருதிய முடிவு என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் தன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகப் பல மணி நேரம் கப்பலில் போக வேண்டிய குடிமகனை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, அதே கோட்டுக்குத் தெற்கே இருந்த அமாமித் தீவுகள். அங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். பிரிவினைக்குப் பின் ஜப்பானியப் பாடநூல்கள் வருவது நின்றுபோனது. 1948-இல் இரண்டு ஆசிரியர்கள் கள்ளப் படகில் ஜப்பானுக்குப் போய்ப் பாடநூல்களைக் கொண்டுவந்தார்கள். இணைப்புக் கோரிக்கை மனுவில் 14 வயதுக்கு மேற்பட்டோரில் 99.8 சதவீதம் பேர் கையெழுத்திட்டார்கள். இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய கவிஞர் இசுமி ஹோரோ 1951 ஆகஸ்டில் நாசே நகரின் கோயில் ஒன்றில் 120 மணி நேரம் உண்ணாநோன்பு இருந்தார். 1953 டிசம்பர் 25 அன்று அமாமி திரும்பியது. அடுத்த ஆண்டே அமாமி மறுசீரமைப்புக்கான சிறப்புச் சட்டம் வந்தது. சாலை, துறைமுகம், பள்ளிக் கட்டடம் ஆகியவற்றுக்கு மைய அரசின் நிதி வந்தது. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட அந்தச் சட்டம், பெயர் மாறி, கெடு நீண்டு, கடைசியாக 2024-இல் மறுபடியும் நீட்டிக்கப்பட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது.

அமாமியின் மீட்பில் பலரும் பேசாத ஒரு பக்கம் உண்டு. அமாமியில் பிழைக்க வழியில்லாமல் பல்லாயிரம் பேர் ஒக்கினாவாவுக்கு வேலை தேடிப் போயிருந்தார்கள். அமெரிக்கத் தளங்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் அங்கே கூலி கிடைத்தது. அரசுப் பணியில் உயர்ந்த இடங்களுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். 1953-இல் சொந்த ஊர் ஜப்பானோடு சேர்ந்த அன்று, ஒக்கினாவாவில் இருந்த இந்த மக்கள் ஒரே இரவில் அந்நியரானார்கள். 'ரியூக்யூ மக்கள் அல்லாதோர்' என்று ஏட்டில் எழுதப்பட்டார்கள். பொதுப் பதவியும் வாக்குரிமையும் போயின. தங்குவதற்கு அனுமதி வாங்கி, பதிவு அட்டை சுமக்க வேண்டியதாயிற்று. ஊரில் விளக்கேற்றி மீட்பைக் கொண்டாடியபோது அதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். இந்த ஏழை உழைப்பாளிகளுக்காக டோக்கியோவும் கடுமையாகப் பேசவில்லை, ஒக்கினாவாவின் அரசியலும் பேசவில்லை. என் மனத்தை நெடுநாள் அறுத்துக்கொண்டிருக்கும் செய்தி இது.

இனி, இன்றைய பொழிவின் நடுப்பகுதியான ஒகசவாராவுக்கு வருகிறேன். டோக்கியோவிலிருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலில் கிடக்கும் தீவுகள் அவை. இன்றும் விமான நிலையம் கிடையாது. டோக்கியோவின் தகேஷிபா துறையில் ஏறினால் சிச்சிஜிமாவில் இறங்க ஒரு முழு நாள் ஆகும். 1830-இல் அமெரிக்கரான நதானியேல் சேவரியும் சில ஐரோப்பியரும் ஹவாய்த் தீவினரும் முதலில் குடியேறினார்கள். 1876-இல் ஜப்பான் இறையாண்மையை அறிவித்தது; 1880-இல் தீவுகள் டோக்கியோவின் ஆட்சிக்குள் வந்தன. முதல் குடிகள் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார்கள். பின்னர் ஜப்பானியக் குடியேற்றம் பெருகி, கரும்பும் குளிர்காலக் காய்கறியும் விளைந்த செழிப்பான ஊர்களாயின. 1940-இல் அங்கே ஐந்து கிராமங்கள் இருந்தன.

1944-இல் போர் நெருங்கியபோது 6,886 பேரைக் கப்பல்களில் ஏற்றி மெயின்லாந்துக்கு அனுப்பினார்கள். 825 ஆண்களைப் படை வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்களுக்குக் கதவு அடைபட்டது. 1946 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை ஒரு பிரிவினரை மட்டும் திரும்ப அனுமதித்தது: மேலை வம்சாவளியினரும் அவர்களின் குடும்பத்தாரும், ஏறத்தாழ 130 பேர். மற்றவர்கள் டோக்கியோ புறநகர்களில் கூலி வேலை செய்து தவித்தார்கள். வறுமை தாங்காமல் குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதைப் பார்த்து வீடு திரும்பும் உரிமையை வழங்கிய நிர்வாகம் அது. அதே தீவில் பிறந்து, அதே பள்ளியில் படித்த இரண்டு அண்டை வீட்டாரில் ஒருவர் ஊருக்குப் போகலாம், மற்றவர் போகக் கூடாது. தீவுகள் அணு ஆயுதங்களைப் பதுக்கும் இடமாகப் பயன்பட்டன என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த அமெரிக்க ஆவணங்களில் தெரிந்தது. ஏறத்தாழ ஆளில்லாத தீவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டியதில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் நில இழப்புக்காக 1961-இல் அமெரிக்கா 60 லட்சம் டாலர் கொடுத்தது.

திரும்பிய சிறு கூட்டம் கடற்படையின் நிழலில் 22 ஆண்டு வாழ்ந்தது. உள்ளூர்க் காரியங்களுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த ஐவர் குழு இருந்தது. பிடித்த மீன் குவாமுக்குப் போனது. கடற்படை நடத்திய ராட்ஃபர்ட் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தார்கள். உயர்நிலைக் கல்விக்குக் குவாம் போனார்கள்.

1967 நவம்பரில் பிரதமர் சாட்டோ எய்சாகுவும் அதிபர் ஜான்சனும் உடன்பட்டார்கள். 1968 ஏப்ரல் 5-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜூன் 26 அன்று ஒகசவாரா ஜப்பானிடம் வந்தது. அதற்கென்று இயற்றிய தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தை நிர்வாகவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வாசிக்க வேண்டும் என்பேன். அதன் கைத்திறன் வியப்பூட்டுவது. வெளியேற்றப்பட்ட குத்தகை விவசாயிகளை அது மறக்கவில்லை. நிலம் சொந்தமில்லாமல் உழுதவர்களும் திரும்பி வந்து உழலாம் என்று அவர்களுக்குச் சிறப்புக் குத்தகை உரிமை தந்தது. அதே சமயம், கடற்படைக் காலத்தில் பிறர் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்களையும் தெருவில் விடவில்லை. அவர்களின் பயன்பாட்டுக்கும் காப்பு வைத்தது. போனவர், இருந்தவர் இருவரின் நியாயத்தையும் ஒரே சட்டத்தில் எடைபோட்ட அந்த அலுவலர்களை மதிக்கிறேன். மைய அரசின் பல அமைச்சகங்கள் இந்தச் சிறு தீவில் தனித்தனிக் கிளை திறக்க முடியாது என்பதால், பதிவுத்துறை, தொழிலாளர் நலம், வனம், சுங்கம் போன்ற பணிகளை ஒரே கூரையின் கீழ் செய்யும் ஒருங்கிணைந்த அலுவலகம் ஒன்றையும் அமைத்தார்கள். இன்றும் அது இயங்குகிறது.

ஆனால் அதே சட்டம் செய்த இன்னொன்றை என்னால் ஏற்க முடியவில்லை. போருக்கு முன் இருந்த ஐந்து கிராமங்களும் மறைந்தன. அவற்றுக்குப் பதில் ஒகசவாரா என்ற ஒரே கிராமம் மீட்பு நாளன்றே பிறந்தது. அந்தக் கிராமத்துக்குத் தேர்தல் வைக்கவில்லை. ஊர்த்தலைவரின் பணியை நியமன அலுவலர் ஒருவர் பார்த்தார். கிராம மன்றம் கூடவில்லை. முதல் ஊர்த்தலைவரையும் முதல் மன்றத்தையும் மக்கள் தேர்ந்தெடுத்தது 1979-இல். பதினோரு ஆண்டுகள்! அந்நியக் கடற்படையின் கீழே ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்த மக்கள், சொந்த நாட்டின் ஆட்சிக்குள் வந்தபின் உள்ளூராட்சிக்கு வாக்களிக்கப் பதினோரு ஆண்டு காத்திருந்தார்கள். மக்கள்தொகை போதாது, முன்னாள் தீவார் எல்லாரும் திரும்பட்டும், கட்டமைப்பு முதலில் வரட்டும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மீட்பின்போது சிச்சிஜிமாவில் முந்நூறு பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள். அன்றே தேர்தல் வைத்திருந்தால் திரும்பி வரவிருந்த ஆயிரக்கணக்கானோரின் நிலத்தின் விதியை அந்தச் சிறு கூட்டம் தீர்மானித்திருக்கும். ஆனால் நான்கைந்து ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய காத்திருப்பு அது. துறைமுகம் எங்கே, குடியிருப்பு எங்கே, எந்தச் சரிவு வயல், எந்தச் சரிவு காடு என்ற அடிப்படைத் தீர்மானங்கள் எல்லாம் அந்தப் பதினோரு ஆண்டுகளில்தான் எடுக்கப்பட்டன. மன்றம் கூடியபோது வரைபடம் ஏற்கெனவே வரைந்து முடிந்திருந்தது.

தீவும் காத்திருக்கவில்லை. தெற்கே இருக்கும் ஹஹாஜிமாவில் போருக்குப் பின் யாருமே இல்லை. கைவிட்ட வயல்களில் நம் ஊர்க்காரர்கள் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்லும் மரம் காடாகப் படர்ந்தது. எல்லைக்கல் எங்கே, வரப்பு எங்கே என்று தெரியவில்லை. அங்கே மக்கள் மறுபடி குடியேறத் தொடங்கியது 1970-களின் தொடக்கத்தில்தான். 1969-இல் வந்த மறுசீரமைப்புச் சிறப்புச் சட்டம் தண்ணீர், மின்சாரம், துறை, பள்ளி எல்லாம் கொண்டுவந்தது. அமாமியின் சட்டத்தைப் போலவே இதுவும் நீண்டுகொண்டே போகிறது. ஆயினும் எல்லாத் திட்டமும் கைகூடவில்லை. விமான நிலையத் திட்டம் இயற்கைப் பாதுகாப்புக் கேள்வியில் நின்றது. பயண நேரத்தைக் குறைக்கக் கட்டிய அதிவேகக் கப்பல், எரிபொருள் செலவு தாங்காமல் 2005-இல் ஓடாமலே கைவிடப்பட்டது. 2011-இல் தீவுகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. ஏறத்தாழ 2,500 பேர் வாழும் அந்த ஊரில் இன்றும் பிரசவம் பார்ப்பதில்லை. கருவுற்ற பெண்கள் மாதங்களுக்கு முன்பே மெயின்லாந்து போகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புப் படையின் விமானம் வர வேண்டும்.

கடற்படைக் காலத்துப் பிள்ளைகளின் கதையும் இந்த நிர்வாக வரலாற்றில் சேர வேண்டும். ஒரு கோடை விடுமுறைக்குள் அவர்களின் பாடமொழி மாறியது. சின்னப் பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கடினமாக இருந்தது; சிலர் குவாமுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் இவர்களின் குடும்பங்கள் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சேவரி வம்சம் செபோரி ஆனது. கடற்படைக் காலத்தில் பழைய பெயர் திரும்பியது. 1968-இல் குடும்பப் பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்ற கேள்வி மறுபடி எழுந்தது. நிலத்துக்கு அத்தனை நுணுக்கமாகச் சட்டம் எழுதியவர்கள் இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு அதில் பாதி கவனம் செலுத்தியிருந்தால் பலரின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

ஒக்கினாவாவைப் பற்றி நூலகமே நிறையும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். எனவே நிர்வாகத்தைத் தொடும் சிலவற்றோடு நிறுத்துகிறேன். 1952 முதல் அங்கே ரியூக்யூ அரசு என்று ஒன்று இருந்தது. அதன் தலைமேல் அமெரிக்க ஆட்சிக்குழு இருந்தது. ஒக்கினாவாவில் தன்னாட்சி என்பது கட்டுக்கதை என்று உயர் ஆணையர் காரவே 1963-இல் வெளிப்படையாகவே பேசினார். ஜப்பானுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும். 1958-இல் கோஷியென் பேஸ்பால் போட்டிக்குப் போன ஷுரி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நினைவாக எடுத்துவந்த மைதான மண்ணை, தாவர நோய்த் தடுப்பு விதிப்படி நாஹா துறைமுகத்தில் கடலில் கொட்ட வேண்டியிருந்தது. பதினேழு வயதுப் பையன்களிடம் நிர்வாக எல்லை இப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

1971 நவம்பர் 17 அன்று ரியூக்யூ அரசின் தலைவர் யாரா சோபியோ, மீட்பு எப்படி அமைய வேண்டும் என்ற தம் மக்களின் கருத்துரையைக் கையில் எடுத்துக்கொண்டு டோக்கியோ போனார். அவர் விமானத்தில் வந்துகொண்டிருந்த வேளையில், கீழவைக் குழு ஒப்பந்தத்தை அவசரமாக நிறைவேற்றி முடித்துவிட்டது. 1972 மே 15 அன்று தீவுகள் திரும்பின. அன்று வரை மக்கள் கையில் இருந்த டாலரை 305 யென் விலைக்கு மாற்றினார்கள். பழைய 360 யென் விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஈடுகட்ட, 1971 அக்டோபரிலேயே மக்கள் கையிருப்பைச் சரிபார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். அரசின் கவனமான வேலைக்கு அது ஓர் எடுத்துக்காட்டு. மருத்துவர் பஞ்சத்தில் 1951-இல் உரிமம் பெற்ற துணை மருத்துவர்கள் ஆயுள் முழுதும் தொழில் செய்யலாம் என்று விட்டதும் நல்ல முடிவு. அவர்களில் கடைசியானவர் 2008 வரை தீவு மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஆனால் தள நிலங்களை நில உரிமையாளர் சம்மதம் இல்லாமலே ஐந்தாண்டு வைத்துக்கொள்ளும் சட்டமும் அதே நாளில் நடப்புக்கு வந்தது. அதன் கெடு முடிந்து, அடுத்த சட்டம் வருவதற்குள் 1977 மே மாதத்தில் நான்கு நாட்கள் இடைவெளி விழுந்தது. அந்த நான்கு நாட்களும் அரசுக்கு அந்த நிலத்தில் சட்ட உரிமையே இல்லை. தம் நிலத்தில் கால்வைக்க வேலிக்குள் போனவர்களும் உண்டு. அதன்பின் வேலி மறுபடி சட்டத்தின் துணையோடு நின்றது.

கடைசியாக இவோஜிமா. 1945-இன் அந்தக் கொடும் போரை உலகம் அறியும். அதற்கு முன் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கரும்பும் மூலிகையும் பயிரிட்டு வாழ்ந்தார்கள் என்பதை அறிந்தோர் குறைவு. 1968-இல் ஒகசவாராவோடு அந்தத் தீவும் ஜப்பானிடம் வந்தது. மக்கள் வரவில்லை. 1984-இல் அரசின் ஆலோசனை அவை, எரிமலைச் செயல்பாட்டையும் தொழில் வாய்ப்பின்மையையும் காரணம் காட்டி, அங்கே குடியமர்த்துவது கடினம் என்று முடிவு சொன்னது. தீவாருக்கு ஒரு சிறு தொகை ஆறுதலாகத் தரப்பட்டது. இன்று அங்கே தற்காப்புப் படையின் விமானத் தளம் இயங்குகிறது. அமெரிக்க விமானிகள் தரையிறங்கும் பயிற்சி செய்கிறார்கள். ஊரார் வருவதோ கல்லறை வழிபாட்டுக்கு மட்டும், அரசு அழைத்துப் போகும் நாளில் மட்டும். போரில் இறந்த ஏறத்தாழ 21,900 ஜப்பானியரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்பு இன்னும் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்படவில்லை. படைவேலைக்கு நிறுத்தப்பட்ட தீவார் பலரும் அவர்களில் உண்டு.

தரை உயர்கிறது, கந்தகப் புகை எழுகிறது என்பது உண்மை. ஆனால் படைவீரர் ஆண்டு முழுதும் தங்க முடிகிற மண்ணில் ஒரு சிறு குடியிருப்புக்கும் இடமில்லை என்ற வாதத்தை 1984-க்குப் பிறகு யாரும் முறையாக மறுபடி ஆராயவில்லை.  அடுத்து 2029 மார்ச்சில் ஒகசவாரா சிறப்புச் சட்டத்தின் கெடு முடிகிறது. அதை மறுபடி நீட்டிக்கும் முன், 1984 முடிவைத் திறந்து, இவோஜிமாவில் பிறந்தவர்களில் எஞ்சியுள்ள முதியோரையும் அவர்களின் பிள்ளைகளையும் அழைத்து, பகுதி நேரக் குடியிருப்பாவது முடியுமா என்று நிலவியலாளர் முன்னிலையில் கேட்க வேண்டும். தோக்காராவின் பிளந்த கிராமமும், ஒக்கினாவாவில் அந்நியரான அமாமி உழைப்பாளிகளும், பதினோரு ஆண்டு வாக்கில்லாத ஒகசவாராவும் இனித் திருத்த முடியாத கணக்குகள். இவோஜிமாவின் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. அந்தத் தீவில் பிறந்த கடைசித் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே அந்த விசாரணை நடக்க வேண்டும்.